வெள்ளையம்மாவுக்காக அழுத ராஜாத்தி அக்கா

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற பக்கத்தில் பத்தாவதோடு நின்ற நான் வாராவாரம் வந்து உட்கார்வது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. தெரியாத கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டவளைப் போல இலையைப் பார்த்தபடியே எழுதுகிறேன். போன வாரம் கம்பெனி வேனைப் பற்றி எழுதியதற்கு டிரைவர் அண்ணன், "நான் அம்புட்டு வேகமாவா ஓட்டுறேன்?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி எல்லோருக்கும் தாமதமாக்கினார். இந்த வாரம் யார் என்ன கேட்பார்களோ தெரியவில்லை. தப்பாக எழுதியிருந்தால் என் படிப்பு அவ்வளவுதான் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். சரியாக எழுதி அதனால் யாருக்காவது கோபம் வந்தால், அதற்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

ராஜாத்தி அக்கா அழுதுகொண்டிருந்தார்.

கையில் இருந்த டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கப் போடும் வெள்ளைப் பவுடர் எங்கள் கையில் எப்போதும் இருக்கும். அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துத் துடைத்து, அவர் கன்னம் இரண்டிலும் வெள்ளைப் பட்டை விழுந்திருந்தது.

"பஸ்ஸு வந்துருச்சா இல்லையா, அத மொதல்ல சொல்லுடி."

"வந்துக்கிட்டு இருக்குக்கா."

"ஏறிருவாளா பாவி மக?"

"தெரியலக்கா. நல்ல மழை."

"ஆத்தா மீனாட்சி, அந்தப் புள்ளைய ஏத்தி விட்டுரு தாயி" என்று டம்ளரோடு சேர்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர் கும்பிட்டது வெள்ளையம்மா என்கிற பெண்ணுக்காக. அப்படி ஒரு பெண் உலகத்தில் எங்கேயும் கிடையாது. ஒரு இங்கிலீஷ் கதைப் புத்தகத்துக்குள் இருக்கிறாள், அங்கேயும் அவளுக்கு வேறு பெயர். இதைச் சொன்னால்தான் மற்றது புரியும். இரண்டு மழைக்காலத்துக்கு முந்தி நடந்தது.

தலை குனிந்தால் வருகிற பேச்சு

எங்களுக்குக் கப்பலூரில் வேலை. தகரக் கூரை போட்ட ஒரு சின்ன கம்பெனி. குழாய்க்கும் மோட்டாருக்கும் போடுகிற ரப்பர் வாஷர்கள் அச்சிலிருந்து வரும்போது ஓரத்தில் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சின்ன கத்திரிக்கோலால் வெட்டி எடுப்பது எங்கள் பகுதி. ரப்பர் வாடை தலைமுடியில் ஏறி, சீயக்காய்க்கும் போகாது, ஷாம்புவுக்கும் போகாது.

செல்போன் உள்ளே கூடாது. வாசலில் வாட்ச்மேனிடம் ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டுவிட வேண்டும். டீ நேரத்தில் கேட்டால் தருவார், பிறகு சாயங்காலம்தான். ஒரு ரேடியோ இருந்தது. அதுவும் கெட்டுப்போன பிறகு, நாள் முழுக்கக் கத்திரிக்கோல் சத்தம் மட்டும்.

நான் நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேன். ஆனால் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தால் வார்த்தை தானாக வரும். ஒருநாள் அப்படித்தான், என் மகள் பவித்ரா படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் கதையைப் பக்கத்தில் இருந்த சுகன்யாவிடம் சொல்ல ஆரம்பித்தேன். பவித்ரா அப்போது காலேஜ் முதல் வருஷம். திருநகரிலிருந்து பஸ்ஸில் போகவர அந்தப் புத்தகத்தைத்தான் படிப்பாள். ராத்திரி நான் அவள் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது படித்ததைச் சொல்வாள். மறுநாள் நான் இங்கே சொல்வேன்.

ஒரு வாரத்தில் பகுதி முழுக்கக் கத்திரிக்கோல் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிட்டது. "சாந்தி, கொஞ்சம் சத்தமாச் சொல்லு, இங்கிட்டு விழுகல" என்று கடைசி மேசையிலிருந்து குரல் வரும். பவித்ராவுக்குப் பரீட்சை வந்து புத்தகத்தைத் தொடாத நாட்களில், என்னவோ நான் பதுக்கி வைத்ததுபோல என்னைத் திட்டினார்கள்.

அண்ணன் முறையா?

கதை இதுதான். ஆற்றங்கரையில் ஒரு ஊர். வெள்ளைக்காரப் பெண். அவள் அப்பாவுக்குப் பெரிய பழத்தோட்டம். படகு பழுது பார்ப்பவரின் மகன் ஒரு கறுப்பினப் பையன். இரண்டு பேருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது. பழகுகிறார்கள். ஊருக்குப் பிடிக்கவில்லை.

இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ராஜாத்தி அக்காதான் பெண்ணுக்கு வெள்ளையம்மா என்றும் பையனுக்குக் கருப்பசாமி என்றும் பெயர் வைத்தார். தோட்டம் கொய்யாத் தோப்பு ஆனது. என்ன பழம் என்று பவித்ரா சொல்லியிருந்தாள், எனக்கு மறந்துவிட்டது.

முதல் இரண்டு நாள் ராஜாத்தி அக்கா கதைக்கு முழு எதிரி. "இதெல்லாம் ஒரு கதையா, கேக்கவே நாராசமா இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் காரணம் விளங்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டேவிட்டார்.

"ஏன்டி, அவன் அவளுக்கு அண்ணன் மொறைதானே?"

"இல்லக்கா. சொந்தமே இல்ல."

"அப்ப ஊரு ஏன் கெடந்து குதிக்குது?"

"அவன் கறுப்பு, அவ வெள்ளை. அதான்."

அக்கா கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "நெறத்துக்கா? அட கிறுக்குப் பயலுகளா. அண்ணன் தங்கச்சி மொறை ஆகாதுன்னுதான் தடுக்குறாகன்னு நானும் ரெண்டு நாளா அந்தப் புள்ளைய வஞ்சுக்கிட்டு இருந்தேன். நம்ம சாமியே கருப்புத்தான். கட்டி வச்சா என்ன, ஒட்டிக்கிருமா?"

அன்றிலிருந்து அந்தக் காதலுக்கு அவரைவிடப் பெரிய ஆதரவு கிடையாது. அவருடைய மூத்த மகனுக்கு அந்த வருஷம் முழுக்கப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாடிப்பட்டியில் ஒரு நல்ல பெண்ணை "கொஞ்சம் மட்டநெறம்" என்று வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவரும் இதே அக்காதான். அதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. மனசுக்குள் கேட்டேன், அங்கே கேட்டு என்ன புண்ணியம்.

கதையில் ஒரு ரொட்டிக்கடைக்காரி வருகிறாள். கடை பாலத்துக்கு எதிரே. இரண்டு பேரும் பாலத்தில் நின்று பேசுவதைப் பார்த்துவிட்டு, பெண்ணின் அண்ணனிடம் போய்ச் சொல்லிவிடுகிறாள். நான் அந்த இடத்தைச் சொன்ன அன்றைக்கு ராஜாத்தி அக்கா விட்ட சாபத்தை அப்படியே எழுதினால் இந்தப் பத்திரிகை அச்சிடாது. "அவ நாக்கு அழுகிப்போக. கட்டையில போற வயசுல அவளுக்கு எதுக்கு இந்த வேலை?" என்பது அதிலேயே மென்மையானது.

பவித்ரா என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அது வெறும் கலர் மட்டும் இல்லம்மா. நம்ம ஊர்ல சாதி எப்புடியோ அங்க அது. அதையும் சேத்துச் சொல்லு." சரி என்று ஒருநாள் சொன்னேன். "நம்ம பக்கம் சாதி பாக்குறாங்கல்ல, அது மாதிரின்னு வச்சுக்கங்க."

கத்திரிக்கோல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வேகம் பிடித்தன. ராஜாத்தி அக்கா, "நல்லாப் போற கதையில எதுக்கு அதெல்லாம். அது வேற, இது வேற" என்றார்.

இந்த நாலு வார்த்தைகளை என் ஆயுளில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. பஸ்ஸில், ரேஷன் கடையில், என் சொந்தத் தம்பி வாயில். இதைக் கேட்டாலே எனக்கு மண்டைக்குள் கொதிக்கும். எது வேற என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒரே பக்கம் போகும் குழம்பு

மதியம் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். டிபன் பாக்ஸைத் திறந்து நடுவில் வைத்தால் பொரியல் கை மாறிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்கள், இங்கே எல்லோரும் ஒண்ணுமண்ணாக இருக்கிறார்கள் என்று சொல்வார்கள். மேலாளர்கூட ஒருதடவை அப்படிச் சொல்லிப் போட்டோ எடுத்தார்.

கூட உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பாக்கியம் அக்காவுக்கு எல்லோரும் போடுவார்கள். பாக்கியம் அக்கா டிபனிலிருந்து யாரும் எடுக்க மாட்டார்கள். ஒருத்திக்குக் காரம் ஆகாது, ஒருத்திக்குப் புளிப்பு ஆகாது, ஒருத்திக்கு அன்றைக்கென்று வயிறு சரியிருக்காது. பாக்கியம் அக்கா திருமங்கலம் பக்கம் ஒரு ஊரின் காலனித் தெருவிலிருந்து வருகிறவர். அதுதான் விஷயம். நானும் ராஜாத்தி அக்காவும் ஒரே ஆட்கள். இதை எழுதவே சலிப்பாக இருக்கிறது, எழுதாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

நான் எடுப்பேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை. அவருடைய கருவாட்டுக் குழம்பு அப்படி இருக்கும்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அப்படித்தான். என்னை அக்கா என்று கூப்பிடுகிற சின்னப் பெண்கள்கூட, என்னைவிட மூத்தவரான அவரை வெறும் "பாக்கியம்" என்பார்கள்.

சுகன்யா மட்டும் கொஞ்ச நாளாகப் பெயரே சொல்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண். அலங்காநல்லூர்ப் பக்கம் நெல்லும் வாழையும் போடுகிற குடும்பம். திருநகரில் பெரியம்மா வீட்டில் தங்கி வேலைக்கு வந்தாள். ராஜாத்தி அக்காவுக்கும் அதே ஊர்தான் பிறந்த ஊர். "எங்க ஊருப் புள்ள" என்று தன் பக்கத்திலேயே உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்துப் போடுவார்.

அன்றைக்கு மதியம் சுகன்யா ஏதோ யோசனையில் இருந்தாள். தட்டில் சோறு காய்ந்து கிடந்தது. பாக்கியம் அக்கா பக்கம் தட்டை நீட்டினாள்.

"சின்னத்தே, இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க."

ஊற்றப் போன கரண்டி அப்படியே நின்றது.

எங்கள் பக்கம் ஒரு பெண் இன்னொருத்தியை அத்தை என்று கூப்பிட்டால், அந்த வீட்டில் கட்டிக்கிற முறையில் ஒரு பையன் இருக்கிறான் என்று அர்த்தம். அதிலும் சின்னத்தை என்றால் அவனுடைய அம்மாவுக்குத் தங்கச்சி. பாக்கியம் அக்காவின் அக்கா மகன் சரவணன்தான் எங்கள் கம்பெனிச் சரக்கை ஏற்றிப் போகிற குட்டியானை வண்டியின் டிரைவர். கதைக்குள் இருக்கிற வெள்ளைக்காரிக்கே முறை பார்த்த ராஜாத்தி அக்காவுக்கு இதைக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

"யாருக்கு யாருடி சின்னத்தை?" என்றார்.

சுகன்யா பொய் சொல்லியிருக்கலாம். வாய் தவறி வந்துவிட்டது என்றாவது சொல்லியிருக்கலாம். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நாங்க கட்டிக்கிறப் போறோம்க்கா" என்றாள். அந்தத் தைரியம் எனக்கு இன்றைக்கும் வராது.

"டீ டயத்துல போன் கைக்கு வரட்டும். உங்க அண்ணனுக்குப் போட்டு, வந்து கூட்டிட்டுப் போன்னு சொல்றேன்" என்றார் ராஜாத்தி அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும்போலத் தெரியுது, துணியை எடுத்து வை என்பதுபோலச் சொன்னார்.

பாக்கியம் அக்கா டிபனை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. "ராஜாத்தி, வேண்டாம்மா. அவன் வந்தா சும்மா வர மாட்டான். மொதல்ல எங்க தெருவுக்குத்தான் வருவாங்க. புள்ளைக இருக்கிற வீடு."

"அத ஒன் அக்கா மகன் மொதல்ல யோசிச்சிருக்கணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. முகத்தைப் பார்த்துப் பேச வராது என்று சொன்னேனே, அதனால் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டு பேசினேன். "அக்கா, நீங்க வஞ்சீங்களே அந்த ரொட்டிக்கடைக்காரி, அவளும் இதைத்தானக்கா செஞ்சா."

"அவ கெட்ட எண்ணத்துல செஞ்சா. நான் இந்தப் புள்ள நல்லதுக்குச் செய்யுறேன். அது வேற, இது வேற. கதையக் கதையா வச்சுக்க சாந்தி. ஒங் கதையக் கேட்டுத்தான் இவ கெட்டா."

சுகன்யாவும் சரவணனும் பழக ஆரம்பித்து ஒன்றரை வருஷம். என் கதை ஆரம்பித்து ஒரு மாதம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

டீ நேரம்

குழாயடியில் டிபன் கழுவும்போது சுகன்யாவிடம், "டீ நேரத்துக்கு மேல இங்க இருக்காத" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆனால் உடனே போக வழியில்லை. வெளியே விட சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும். அவர் சாப்பிடப் போனால் டீக்குத்தான் திரும்புவார். சரவணனோ சரக்கோடு விருதுநகர் போயிருந்தான்.

டீ வந்தது. சூப்பர்வைசரும் வந்தார். சுகன்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரிடம் போனாள். ராஜாத்தி அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு வாட்ச்மேன் பக்கம் எழுந்தார்.

திட்டம் போடுகிற ஆள் இல்லை நான். வாய் தானாகத் திறந்தது. கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு, குனிந்து, ஒரு வாஷரை வெட்டிக்கொண்டே சொன்னேன்.

"வெள்ளையம்மா வீட்ட விட்டுக் கெளம்பிட்டாக்கா."

அக்கா நின்றார். "எப்ப?"

"இப்பத்தான்."

"அண்ணங்காரன் பாத்துட்டானா?"

"இன்னும் இல்ல."

மூணு எட்டு வைத்தால் வாசல். அங்கே தட்டில் அவருடைய போன். அக்கா அந்தப் பக்கம் ஒருதடவை பார்த்தார், இந்தப் பக்கம் ஒருதடவை பார்த்தார், வந்து உட்கார்ந்தார். "சீக்கிரம் சொல்லித் தொலை, எனக்கு வேலை கெடக்கு."

பவித்ரா அதுவரைதான் படித்திருந்தாள். அதற்குமேல் எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது, சொந்தமாகக் கட்டிச் சொல்லவும் வராது. ஆனால் என் மேசைக்கு நேரே வலையடித்த ஜன்னல். அதில் கேட்டும், கேட்டுக்கு அந்தப் பக்கம் நாலுவழிச் சாலையும், பஸ் நிற்கிற இடமும் ஒரு துண்டு தெரியும். ராஜாத்தி அக்கா ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணில் பட்டதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

"கேட்டத் தாண்டிட்டா. யாருக்கோ போன் பேசுறா."

"கருப்பசாமிக்கா?"

"அவனுக்குத்தான் இருக்கும். அழுகுறா. மஞ்சத் துப்பட்டாவ வாயில வச்சுக்கிட்டு அழுகுறா."

"அந்த ஊர்ல துப்பட்டா போடுவாகளா?"

"குளிருக்குப் போடுவாகக்கா."

"ம்."

"ரோட்டத் தாண்டணும். லாரியா வருது. தாண்ட முடியல."

"ஓடிருடி, ஓடிரு" என்றார் அக்கா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையில் டீ. மற்ற மேசைக்காரிகளும் டம்ளரோடு வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். பாக்கியம் அக்கா மட்டும் தன் இடத்தை விட்டு எழவில்லை. அவர் இருந்த இடத்திலிருந்து ஜன்னல் தெரியும். என்னையும் பார்த்தார், ஜன்னலையும் பார்த்தார், பிசிறு இல்லாத வாஷரைத் திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு பஸ் வந்தது, நிற்காமல் போனது. அதையும் சொன்னேன். ராஜாத்தி அக்கா அந்த டிரைவரின் பரம்பரையையே வைதார். அதற்கப்புறம்தான் நீங்கள் முதலில் படித்தது. மழை மட்டும் நான் சேர்த்தது. அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"ஏறிட்டாக்கா" என்றேன் கடைசியில்.

ராஜாத்தி அக்கா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தார். "நல்லா இருக்கட்டும். எங்கயாச்சும் போய் நல்லா இருக்கட்டும்" என்றார். உண்மையான மனசோடு சொன்னார். எனக்கு ஆறாதது அதுதான். பொய்யாகச் சொல்லியிருந்தால் இவர் இப்படித்தான் என்று விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

அப்புறம் எழுந்து போய்ப் போனை வாங்கி, சுகன்யாவின் அண்ணனைக் கூப்பிட்டார்.

அவனும் இன்னும் இரண்டு பேரும் பைக்கில் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கேட்டில் நின்று கத்தினார்கள். அந்த நேரத்தில் சுகன்யாவும் சரவணனும் டவுனில் ஒரு வக்கீலம்மாவோடு போலீஸ் ஸ்டேஷனில் பாதுகாப்புக் கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். பாக்கியம் அக்கா ஒரு வாரம் பிள்ளைகளைத் தங்கச்சி வீட்டில் விட்டுவைத்தார். கல் ஒன்றும் விழவில்லை, வசவோடு போயிற்று. அவர்கள் இரண்டு பேரும் இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள் என்று எழுத மாட்டேன். இருக்கிறார்கள்.

சூப்பர்வைசர் எந்நேரத்துக்கு அவளை வெளியே விட்டார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், ராஜாத்தி அக்கா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வேனில் ஏறும்போது, "கதை சொல்லியா என்னை உக்கார வச்ச?" என்றார்.

"நீங்கதானக்கா ஏறணும்னு சாமி கும்பிட்டீங்க."

"அது வேற" என்று சொல்லிவிட்டு முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

புத்தகத்தை முடித்த பிறகு பவித்ரா உண்மையான முடிவைச் சொன்னாள். அந்தப் பெண் பஸ் ஏறவே இல்லையாம். அண்ணன் வந்துவிடுகிறான், பையன் ஊரை விட்டுப் போய்விடுகிறான், வருஷம் கழித்து அவள் பாலத்தில் வந்து நின்று ஆற்றைப் பார்க்கிறாளாம். இம்புட்டுத் தூரம் கூட்டிக்கொண்டு போய்விட்டு ஆற்றைப் பார்க்க விட்டால் என்ன அர்த்தம்? நான் அதைக் கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சுகன்யா போன மறுநாள் பாகற்காய்ப் பொரியல் கொண்டுபோயிருந்தேன். ராஜாத்தி அக்காவுக்குப் பிடித்தது. வட்டத்தில் எல்லோர் முன்னாலும் வைத்தேன். பாக்கியம் அக்கா ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார். மீதி அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.